பண்பாட்டுப் புறக்கணிப்பும் கூட்டு இசைத்தொகுப்பும்: பாலஸ்தீன ஒருமைப்பாட்டில் இசைக்கலைஞர்கள்

பண்பாட்டுப் புறக்கணிப்பு என்பது, ஒரு மக்களின் நிலத்தையும் உரிமையையும் பறித்துவைத்திருக்கும் அரசு கலையின் துணையால் நற்பெயர் தேடிக்கொள்வதற்கு உடன்படாமல், அவ்வரசின் மேடைகளையும் பரிசுகளையும் நிதியுதவியையும் கலைஞர்கள் கூட்டாக மறுக்கும் போராட்ட முறையாகும். இம்மறுப்பை அறிவிக்கவும், அதன் காரணத்தை விளக்கவும், அதற்கு ஆதரவு திரட்டவும் பல இசைக்கலைஞர்கள் ஊதியமின்றித் தத்தம் பங்கை அளித்து ஒரே தலைப்பின்கீழ் வெளியிடும் ஒலிப்பதிவு கூட்டு இசைத்தொகுப்பு எனப்படுகிறது. தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிராக 1985இல் முழு உருப்பெற்ற இவ்வடிவம், இன்று பாலஸ்தீன மக்களுக்கான ஒருமைப்பாட்டு இயக்கத்தில் பல நாடுகளில் கையாளப்படுகிறது. இந்தியத் தலைநகரான தில்லிக்கு எழுத்தாளர் மாநாடுகள், தெரு நாடகம், பெரிய இசை நிறுவனங்களைச் சாராத தனிநிலை இசை ஆகியவற்றின் வழியே இவ்வியக்கத்தோடு நெடுநாள் தொடர்பு உண்டு.

புறக்கணிப்பில் ஓர் இயல்பான குறை இருக்கிறது. பாடகர் ஒருவர் மேடையேற மறுத்த இரவில் எந்த ஒலியும் எழுவதில்லை என்பதால், அம்மறுப்பு செய்தித்தாளில் ஒரு நாள் இடம்பெற்று மறக்கப்படுகிறது. மறுத்தவர்கள் பலர் ஒன்றுகூடி, தாம் ஏன் பாட மறுக்கிறோம் என்பதையே பாடலாக்கும்போது அந்த மௌனத்துக்குக் குரல் கிடைக்கிறது. இதைத் தமிழ்நாட்டு வரலாறும் அறியும். அந்நியத் துணி மறுப்பும் கள்ளுக்கடை மறியலும் ஊர் ஊராகப் பரவியதற்குத் தேசிய இயக்க நாடக மேடைப் பாடல்கள் பெரிதும் காரணமாயின. அப்பாடல்களுக்காகப் பலமுறை சிறைப்பட்டு, 1940ஆம் ஆண்டின் கடைசி இரவில் மேடையிலேயே உயிர்நீத்த எஸ். எஸ். விசுவநாததாஸ் இம்மரபின் தலையாய சான்று.

நிவாரண இசையும் மறுப்பு இசையும்

பல கலைஞர்கள் கூடி ஒரு நோக்கத்துக்காக வெளியிடும் ஒலிப்பதிவுகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. கிழக்கு வங்காள அகதிகளின் துயர் கண்டு வருந்திய சிதார் கலைஞர் ரவிசங்கர் தம் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் கேட்டுக்கொண்டதன்பேரில், 1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் நடைபெற்ற வங்கதேச இசைநிகழ்ச்சியும், அதன் ஒலிப்பதிவாக அவ்வாண்டு இறுதியில் வெளிவந்த தொகுப்பும் நிவாரண இசைக்கு முன்மாதிரியாயின. தில்லி அகில இந்திய வானொலியில் வாத்திய விருந்தா இசைக்குழுவை உருவாக்கி வழிநடத்திய ரவிசங்கரே உலகறிந்த இம்முயற்சிக்கு வித்திட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது. எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது 1984, 1985 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெளியான கூட்டுப் பாடல்களும் இதே வகையைச் சேர்ந்தவை. பசித்தவருக்கு உணவும் நோயுற்றவருக்கு மருந்தும் சேர்ப்பதே இவற்றின் நோக்கம். துன்பத்துக்குக் காரணமானவர் யார் என்ற கேள்வியை இவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. மறுப்பு இசை அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. பணம் திரட்டுவது அதற்கு இரண்டாம் நிலைப் பணிதான். குற்றம் புரியும் அரசைப் பெயர் சொல்லிச் சுட்டுவதும், அவ்வரசோடு கலைஞர்கள் கைகோப்பதைத் தடுப்பதும் அதன் முதற்பணி.

சன் சிட்டி

கறுப்பின மக்களைச் சொந்த நாட்டிலேயே அயலாராக்கும் திட்டத்தின்படி, தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு அவர்களுக்கென வளமற்ற நிலத்துண்டுகளை ஒதுக்கி அவற்றைத் தனி நாடுகள் என்று அறிவித்தது. அவ்வாறு 1977இல் அறிவிக்கப்பட்ட போபுத்தட்ஸ்வானாவைத் தென்னாப்பிரிக்காவைத் தவிர வேறெந்தப் பெருநாடும் ஏற்கவில்லை. அங்கு 1979 இறுதியில் திறக்கப்பட்ட சன் சிட்டி என்ற சூதாட்ட உல்லாச விடுதி, மேலைநாட்டுப் பாடகர்களுக்கு மிகப்பெரும் தொகை கொடுத்து அழைத்தது. பிராங்க் சினாட்ரா 1981இலும் குவீன் இசைக்குழு 1984இலும் அங்குப் பாடினர். தனி நாடு என்ற பொய்க்கு அவர்களின் வருகை சான்றாகக் காட்டப்பட்டது.

பண்பாட்டுப் புறக்கணிப்புக்கான அழைப்பு அதற்கு முன்பே இருந்தது. ஆங்கிலிக்கன் பாதிரியார் டிரெவர் ஹடில்ஸ்டன் 1954இல் அதை முன்வைத்தார், பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் 1961இல் தன் உறுப்பினர்கள் தென்னாப்பிரிக்காவில் இசைப்பதைத் தடைசெய்தது, ஐ.நா. பொதுச்சபை 1968 டிசம்பரில் பண்பாட்டு, கல்வி, விளையாட்டு உறவுகளை நிறுத்திவைக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இப்பணியில் ஓர் இந்தியரின் உழைப்பு அடித்தளமாக அமைந்தது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற இ. எஸ். ரெட்டி, 1963 முதல் ஐ.நா. நிறவெறி எதிர்ப்புச் சிறப்புக் குழுவின் செயலாளராகவும், 1976 முதல் நிறவெறி எதிர்ப்பு மையத்தின் இயக்குநராகவும் பணியாற்றி இப்புறக்கணிப்புக்கு நிறுவன வடிவம் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவில் நிகழ்ச்சி நடத்திய கலைஞர்களின் பெயர்ப் பட்டியலை அச்சிறப்புக் குழு 1983 முதல் வெளியிட்டது. இனி அங்குச் செல்வதில்லை என்று உறுதியளிப்பவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வெட்கத்தையும் மனமாற்றத்தையும் ஒருங்கே எதிர்பார்த்த நுட்பமான ஏற்பாடு இது.

ஸ்டீவன் வான் சான்ட் என்ற அமெரிக்க கிதார் கலைஞர் 1984இல் தென்னாப்பிரிக்காவுக்கு நேரில் சென்று நிலைமையை அறிந்து திரும்பினார். ஆர்தர் பேக்கர் என்ற தயாரிப்பாளரோடும் டேனி ஷெக்டர் என்ற பத்திரிகையாளரோடும் சேர்ந்து, நிறவெறிக்கு எதிராக ஒன்றிணைந்த கலைஞர்கள் என்ற பெயரில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை அவர் திரட்டினார். 1985இல் வெளியான சன் சிட்டி தொகுப்பில் மைல்ஸ் டேவிஸ், பாப் டிலன், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், கில் ஸ்காட்-ஹெரன், ஜிம்மி கிளிஃப், ரன்-டிஎம்சி எனப் பலவகை இசையினர் ஒன்றுகூடினர். ராக் இசையும் ராப் இசையும் வெவ்வேறு வானொலிகளில், வெவ்வேறு நிறத்தாருக்கென ஒலித்துவந்த அமெரிக்காவில், இருதரப்பாரும் ஒரே பாடலில் வரி மாற்றி வரி பாடியதே அந்நாட்டு நிறப்பிரிவினைக்கு எதிரான செயலாயிற்று. அதனாலேயே பல வானொலி நிலையங்கள் அப்பாடலை ஒலிபரப்பத் தயங்கின. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 38ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. தென்னாப்பிரிக்காவில் அது தடைசெய்யப்பட்டது. எனினும் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரண்டு விடுதலை இயக்கத்தினருக்கும் அகதிகளின் கல்விக்கும் சென்றது; அதைவிட முதன்மையானது, அதன்பின் சன் சிட்டி மேடையேறுவது எந்தப் பெரிய பாடகருக்கும் பெருமை தருவதாக இல்லாமற்போனது.

இத்தொகுப்பில் பீட்டர் கேப்ரியல் பாடிய பகுதியில் இரட்டை வயலின் இசைத்தவர் எல். சங்கர் என்னும் தமிழர். சென்னையில் பிறந்து, தந்தை வி. லட்சுமிநாராயணா இசை பயிற்றுவித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அவரின் குடும்பம், 1958 இனக்கலவரத்தை அடுத்து இலங்கையை விட்டு வெளியேறியது. இனவெறியால் ஊரிழந்த குடும்பத்தின் வாரிசு நிறவெறிக்கு எதிரான தொகுப்பில் வில்லெடுத்தார் என்பது தமிழ் இசை வரலாற்றில் இதுவரை பெற்றதைவிடக் கூடுதல் கவனம் பெறத் தக்க செய்தி.

அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1986இல் வெளியிட்ட கிரேஸ்லேண்ட் தொகுப்பு இதே காலத்தில் கடும் விவாதத்தை எழுப்பியது. அவர் ஜோகன்னஸ்பர்க் சென்று கறுப்பினக் கலைஞர்களோடு ஒலிப்பதிவு செய்தார். அவர்களுக்கு உரிய ஊதியமும் உலகப் புகழும் கிடைத்தன. ஆயினும் விடுதலை இயக்கத்தோடு கலந்துகொள்ளாமல் அவர் புறக்கணிப்பை மீறிவிட்டார் என்று 1987இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கின் முன் எதிர்ப்பு எழுந்தது. நாடிழந்து வாழ்ந்த தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்கள் மிரியம் மகேபாவும் ஹியூ மசெகேலாவும் சைமனோடு மேடையேறி அவருக்குத் துணைநின்றனர். ஒடுக்குபவரை ஒதுக்கும்போது ஒடுக்கப்பட்ட கலைஞரும் சேர்ந்து ஒதுக்கப்படலாமா என்ற இக்கேள்வியே, பின்னாளில் பாலஸ்தீனப் புறக்கணிப்பின் விதிகள் தெளிவாக வரையறுக்கப்படக் காரணமாயிற்று.

இந்தியாவின் முன்வரலாறு

இந்தியா 1946இலேயே தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தை முறித்துக்கொண்டது. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவுடன் ஆட இந்தியா மறுத்ததால், சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இடம்பெற்றிருந்த அணி கைக்கெட்டிய கோப்பையை இழந்தது. புறக்கணிப்புக்கு விலை உண்டு என்பதையும், அவ்விலையைக் கொடுக்க ஒரு நாடு ஆயத்தமாக இருந்தது என்பதையும் அந்நிகழ்வு காட்டியது.

பாலஸ்தீனத்தைப் பொறுத்தவரை, 1947இல் ஐ.நா. பிரிவினைத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்த இந்தியா, 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் ஒரே உரிமையுள்ள பிரதிநிதியாக ஏற்றது. 1975இல் அவ்வியக்கத்தின் அலுவலகம் புதுதில்லியில் திறக்கப்பட்டது. 1988இல் பாலஸ்தீன அரசை இந்தியா அங்கீகரித்தது. அரசின் நிலைக்கு இணையாக எழுத்தாளர்களின் உறவும் வளர்ந்தது. 1956 டிசம்பரில் தில்லியில் கூடிய ஆசிய எழுத்தாளர் மாநாட்டிலிருந்தே 1958 தாஷ்கண்ட் மாநாடும் ஆப்பிரிக்க-ஆசிய எழுத்தாளர் சங்கமும் பிறந்தன. அச்சங்கத்தின் லோட்டஸ் இதழ் பாலஸ்தீனக் கவிஞர்களை மூன்று கண்டங்களுக்கு அறிமுகப்படுத்தியது. அதன் பரிசை 1969இல் மஹ்மூத் தர்வீஷ் பெற்றார். உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் பெய்ரூட்டில் தங்கி அவ்விதழின் ஆசிரியராகப் பணியாற்றினார்.

இவ்வுறவின் இசைவடிவமாக ஓர் அரிய ஒலிப்பதிவு எஞ்சியிருக்கிறது. எகிப்தில் வளர்ந்த பாலஸ்தீனப் பெண் ஜைனப் ஷாஅத், தம் பதினாறாம் வயதில், லலிதா பஞ்சாபி என்ற இந்தியக் கவிஞர் ஆங்கிலத்தில் எழுதிய பாலஸ்தீனக் கவிதையொன்றுக்கு கிதாரோடு மெட்டமைத்தார். அதையும் தர்வீஷ், முயீன் பசீஸு முதலியோரின் கவிதைகளுக்கான மெட்டுகளையும் சேர்த்து நான்கு பாடல்கள் கொண்ட சிறு இசைத்தட்டு 1972இல் வெளியாயிற்று. ஓவியர் இஸ்மாயில் ஷம்மூத் அந்த ஆங்கிலப் பாடலைக் குறும்படமாக்கினார். 1982இல் பெய்ரூட்டுக்குள் நுழைந்த இஸ்ரேலியப் படை பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் ஆவணங்களை அள்ளிச்சென்றபோது அப்படமும் பறிபோய், இராணுவக் காப்பகத்தில் பல்லாண்டுகள் கிடந்த பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. இசைத்தட்டு 2024இல் மஜாஸ் புராஜெக்ட், டிஸ்கோஸ்தான் என்ற இரு சிறு வெளியீட்டகங்களால் மறுவெளியீடு பெற்றது. இந்தியக் கவிஞர் ஒருவரின் சொல்லும் பாலஸ்தீனப் பெண்ணின் குரலும் இணைந்த இப்பதிவு, கூட்டு இசைத்தொகுப்பு என்ற பெயர் வழக்குக்கு வருவதற்கு முன்பே அதன் உட்பொருளைக் கொண்டிருந்தது.

மஜாஸ் புராஜெக்ட் காப்பகத்தை நிறுவிய மோமின் ஸ்வைதாத், மேற்குக் கரையின் ஜெனின் நகரைச் சேர்ந்தவர். அவர் மீட்டெடுத்த மற்றொரு பதிவு, முதல் இன்திஃபாதா எழுச்சி தொடங்கிய 1987 டிசம்பரில் ரியாத் அவ்வாத் தம் சகோதரிகளோடு வீட்டுக் கூடத்திலேயே பதிவுசெய்த ஒலிநாடா. ஏறத்தாழ 3000 படிகள் எருசலேமின் பழைய நகரில் விநியோகிக்கப்பட்டன, பெரும்பாலானவற்றை இராணுவம் பறிமுதல் செய்தது, அவ்வாத் சிறைப்பட்டார். பாடலுக்கு அஞ்சும் ஆட்சி எத்தகையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பாலஸ்தீன ஒருமைப்பாட்டு இசை என்றதும் மேலைநாட்டுப் புகழ்பெற்ற பெயர்களையே அடுக்கும் வழக்கம் தவறானது. அதன் ஊற்று இத்தகைய வீட்டுக் கூடங்களிலும் அகதி முகாம்களிலும் உள்ளது.

பாலஸ்தீனர்களின் அறைகூவல்

இஸ்ரேலைக் கல்வி, பண்பாட்டுத் துறைகளில் புறக்கணிப்பதற்கான பாலஸ்தீன இயக்கம் 2004இல் ரமல்லாவில் தொடங்கப்பட்டது. ஒமர் பர்கூத்தி அதன் நிறுவனர்களுள் ஒருவர். மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பும் சுவர் சட்டவிரோதமானது என்று பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரை வழங்கி ஓராண்டு நிறைந்த 2005 ஜூலை 9 அன்று, 170க்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள் புறக்கணிப்பு, முதலீட்டு விலக்கல், பொருளாதாரத் தடை ஆகிய மூன்றையும் கோரும் பொது அழைப்பை விடுத்தன. ஆக்கிரமிப்பை முடித்துச் சுவரை அகற்றுதல், இஸ்ரேலுக்குள் வாழும் அரபுக் குடிமக்களுக்கு முழுச் சமவுரிமை, ஐ.நா. 194ஆம் தீர்மானத்தின்படி அகதிகள் தாயகம் திரும்பும் உரிமை ஆகியவை அதன் கோரிக்கைகள்.

இவ்வியக்கம் தனிமனிதரைப் பிறப்பையோ குடியுரிமையையோ காரணமாக்கி ஒதுக்குவதில்லை. இஸ்ரேலிய அரசோ அதற்குத் துணைநிற்கும் நிறுவனமோ பணம் கொடுத்து, அரசின் பெயர் விளங்கவேண்டும் என்ற நிபந்தனையோடு நடத்தும் நிகழ்ச்சி விலக்குக்கு உரியது; அந்நாட்டுக் கலைஞர் ஒருவர் எந்த அரசுத் தூதுப் பணியும் ஏற்காமல் வெளிநாட்டில் பாடினால் அது விலக்குக்கு உரியதன்று. இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சகம் கலையை நாட்டின் நற்பெயரைப் பரப்பும் கருவியாகப் பயன்படுத்துவதை வெளிப்படையாகவே கொள்கையாக்கி, 2005 முதல் அதற்கெனத் தனித்திட்டம் வகுத்துச் செயற்பட்டதால் இவ்வேறுபாடு நடைமுறையில் பொருளுடையதாயிற்று.

அழைப்பை ஏற்று எல்விஸ் காஸ்டெல்லோவும், சன் சிட்டி தொகுப்பில் பாடிய கில் ஸ்காட்-ஹெரனும் 2010இல் இஸ்ரேலில் நடைபெறவிருந்த தம் நிகழ்ச்சிகளைக் கைவிட்டனர். 2015இல் லாரின் ஹில்லும் 2017இல் நியூசிலாந்துப் பாடகி லார்டும் அவ்வாறே செய்தனர். ரேடியோஹெட் குழு 2017இல் எதிர்ப்பை மீறி அங்குப் பாடியது. மும்பையில் பிறந்து இஸ்ரேல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவைப் பல்லாண்டு வழிநடத்திய சுபின் மேத்தா, 2011 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அக்குழுவை நடத்தியபோது எழுந்த குறுக்கீட்டால் பிபிசி நேரடி ஒலிபரப்பை நிறுத்தியது. அதே மேத்தா 2013 செப்டம்பரில் தில்லியிலுள்ள ஜெர்மன் தூதரகத்தின் ஏற்பாட்டில் ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் பவேரிய இசைக்குழுவை நடத்தியபோது, காஷ்மீர்க் குடிமைச் சமூகத்தினர் அன்றே மாற்று நிகழ்ச்சி நடத்தித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். தூதரகங்களின் பணத்தில் நடக்கும் இசை யாருக்குப் பயன்படுகிறது என்ற கேள்வி இவ்வாறு இந்திய மண்ணிலும் எழுந்தது.

தில்லியில் இயக்கம்

இந்தியா 1992 ஜனவரியில் இஸ்ரேலுடன் முழு அரசுறவு கொண்டது. 1993இல் இரு நாடுகளும் பண்பாட்டு உடன்பாட்டில் கையொப்பமிட்டன. அதன்பின் திரைப்பட விழா, நடனக்குழு வருகை, கலைஞர் பரிமாற்றம் ஆகியன தில்லியில் வழக்கமாயின. அரசின் பாதை மாறிய பின் பழைய ஒருமைப்பாட்டைக் காக்கும் பொறுப்பு எழுத்தாளர், கலைஞர், பேராசிரியர் ஆகியோரின் தோளில் விழுந்தது. அவர்கள் 2010இல் இஸ்ரேலைக் கல்வி, பண்பாட்டுத் துறைகளில் புறக்கணிப்பதற்கான இந்திய இயக்கத்தை அமைத்தனர். கோயம்புத்தூரில் பிறந்து தில்லியில் வாழும் ஆங்கில நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் அதன் முன்னணியினருள் ஒருவர். அவர் தொகுத்த, இந்தியாவிலிருந்து பாலஸ்தீனத்துக்கு என்னும் கருத்துடைய தலைப்பைக் கொண்ட கட்டுரை நூலை தில்லி லெஃப்ட்வேர்ட் பதிப்பகம் 2014இல் வெளியிட்டது. 2018 ஜனவரியில் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு இந்தியா வந்தபோது, திரைப்படக் கூட்டுத் தயாரிப்பு உடன்பாடு தில்லியில் கையொப்பமானது. மும்பையில் இந்தித் திரையுலகினரோடு அவர் நின்று எடுத்துக்கொண்ட படம் உலகெங்கும் பரப்பப்பட்டது. பண்பாட்டுப் புறக்கணிப்பாளர்கள் எதை எதிர்க்கிறார்கள் என்பதை அந்த ஒரு படமே விளக்கிவிடும்.

தில்லியில் பாலஸ்தீனக் கலைஞர்களோடு சேர்ந்து நிகழ்ந்த படைப்புகளுள் ஆழமானது ஜன நாட்டிய மஞ்ச் குழுவின் முயற்சி. 1973இல் தொடங்கிய இத்தெரு நாடகக் குழுவின் சஃப்தர் ஹாஷ்மி, 1989 ஜனவரி 1 அன்று தில்லியை அடுத்த சாகிபாபாத்தின் ஜண்டாபூரில் தொழிலாளர் முன் நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். அவர் இறந்த மூன்றாம் நாளே அவர் மனைவி மலயஸ்ரீ ஹாஷ்மி குழுவினரோடு அதே இடத்தில் அதே நாடகத்தை நடித்து முடித்தார். ஜெனின் அகதி முகாமில் 2006இல் நிறுவப்பட்ட ஃபிரீடம் தியேட்டரும் இத்தகைய இழப்பைச் சந்தித்த அமைப்பு. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஜூலியானோ மெர்-காமிஸ் 2011 ஏப்ரல் 4 அன்று அரங்கின் வெளியே சுட்டுக்கொல்லப்பட்டார். தம் கலைஞரைக் களத்தில் பறிகொடுத்த இரு குழுக்களும் 2015 இறுதியில் மேற்குத் தில்லி ஷாதிபூர் பகுதியிலுள்ள ஸ்டுடியோ சஃப்தரில் ஒன்றுகூடி, ஹமேஷா சமிதா என்ற நாடகத்தை உருவாக்கின. என்றும் உறுதியோடு நிற்பவள் என்ற பொருள்பட இந்திச் சொல்லும் அரபுச் சொல்லும் இணைந்த தலைப்பு அது. இந்தியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து நடித்த அந்நாடகம், விடுதலை ஜாதா என்ற பெயரில் 2016 தொடக்கத்தில் இந்திய நகரங்கள் பலவற்றுக்கும் பயணப்பட்டது. மொழி புரியாத பார்வையாளரை நாடகத்துக்குள் இழுத்துச்செல்லப் பாட்டும் தாளமும் தெரு நாடகத்தில் இன்றியமையாதவை என்பதால், இதை நாடகமாக மட்டும் கருதாமல் இரு நாட்டு இசைக்கலைஞர்களின் கூட்டுப்பணியாகவும் கருதுவது பொருந்தும்.

ஹாஷ்மியின் மறைவுக்குப்பின் தில்லியில் உருவான சஹ்மத் அறக்கட்டளை, சூஃபி, பக்தி இசைக்கலைஞர்களை ஒரே மேடையில் அமர்த்தி 1993இல் நடத்திய அனஹத் கர்ஜே இசைநிகழ்ச்சிகளும் இங்கு நினைக்கத்தக்கவை. இந்துஸ்தானிக் கச்சேரிக் கலைஞரும் நாட்டார் பாடகரும் ஓர் அரசியல் நிலைப்பாட்டுக்காகச் சேர்ந்து இசைக்க முடியும் என்பதை அவை தலைநகரில் நிறுவின. 2009இல் தில்லியில் தோன்றிய ஸ்கா வெஞ்சர்ஸ் குழுவின் தாரு டால்மியா, டெல்லி சுல்தானேட் என்ற மேடைப்பெயரில் ஜமைக்காவின் ரெகே இசை மரபை இந்திய அரசியல் பாடலுக்குக் கொண்டுவந்தார். 2006 தாக்குதலில் இரு கைகளையும் ஒரு காலையும் இழந்த பஞ்சாப் தலித் பாடகர் பந்த் சிங்கோடு அவரும் தோழர்களும் மான்சா மாவட்டத்துக்குச் சென்று செய்த ஒலிப்பதிவு, பாதிக்கப்பட்டவரைப் பாடுபொருளாக நிறுத்தாமல் பாடகராகவே முன்னிறுத்தியது. பாலஸ்தீனத்துக்காகத் தொகுப்பு வெளியிட விரும்பும் எவரும் இம்முறையைப் பின்பற்றுவதே சரி. காசாவைப் பற்றிப் பிறர் பாடுவதைக் காட்டிலும் காசாவின் பாடகர் தாமே பாட இடம் அமைப்பது மேலானது.

தொகுப்பு உருவாகும் முறை

கூட்டுத் தொகுப்புக்குப் பாடலை வழங்க, அப்பாடலின் ஒலிப்பதிவு உரிமை பாடகரிடம் இருக்கவேண்டும். இந்தியாவில் திரைப்பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை பெரும்பாலும் இசை நிறுவனங்களிடம் இருப்பதால், புகழ்பெற்ற பின்னணிப் பாடகர் மனமுவந்தாலும் தாம் பாடிய திரைப்பாடலை அளிக்க இயலாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்துக்கு 2012இல் செய்யப்பட்ட திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கை உறுதிசெய்ததேயன்றி, ஒலிப்பதிவின் மீதான கட்டுப்பாட்டை அவர்களுக்குத் தரவில்லை. ஆகவே இத்தகைய தொகுப்புகள் தனிநிலை இசைக்கலைஞர்களிடமிருந்தே வரமுடியும். தில்லி, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் கடந்த இருபதாண்டுகளில் வளர்ந்துள்ள தனிநிலை இசைச்சூழல் இவ்வகையில் மதிப்பு மிக்கது.

திரளும் பணத்தை அனுப்புவதிலும் சிக்கல் உண்டு. தனிநபர் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை நன்கொடை உட்பட வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அறக்கட்டளை ஒன்று நாட்டுக்கு வெளியே செலவிடும் தொகைக்கு மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதலின்றி வருமான வரி விலக்குக் கிடைக்காது. எனவே விற்பனைத் தொகையை வாங்குவோரே நேரடியாக மருத்துவ உதவி அமைப்புக்குச் செலுத்தச் செய்து, பற்றுச்சீட்டைக் காட்டுவோருக்குப் பாடல்களை அளிக்கும் எளிய வழி சிறு குழுக்களுக்கு ஏற்றது.

எதிர்வாதங்கள்

இசை எல்லைகளைக் கடக்கும் பாலம், அதை அரசியலுக்காக அடைப்பது கலைக்குத் துரோகம் என்பது புறக்கணிப்புக்கு எதிரான முதல் வாதம். எழுத்தாளர் அமிதாவ் கோஷ் 2010இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய டான் டேவிட் பரிசைத் திருப்பித் தருமாறு வந்த வேண்டுகோளை ஏற்காமல், கல்வி நிறுவனங்களைப் புறக்கணிப்பதில் தமக்கு உடன்பாடில்லை என்றார். இஸ்ரேலிய அரசை எதிர்க்கும் அந்நாட்டுக் கலைஞரே தனிமைப்படுவார் என்பது மற்றொரு வாதம். இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று, தென்னாப்பிரிக்காவிலும் இத்தகைய இழப்பு நேர்ந்தது. ஆயினும் பாலத்தின் மறுகரையில் உள்ளவர் சோதனைச்சாவடியைக் கடக்கவே அனுமதி பெறவேண்டிய நிலையில், ஒரு கரையார் மட்டும் நடமாடும் பாலத்தைப் பரிமாற்றம் என்று அழைப்பது பொருந்தாது. யூத மக்களின் மீதான வெறுப்பே புறக்கணிப்பின் உள்நோக்கம் என்ற குற்றச்சாட்டுக்கு இயக்கத்தின் விதிகளே விடையளிக்கின்றன. அதே வேளையில், அவ்வெறுப்பைப் பேசும் எந்தப் பாடலுக்கும் இத்தகைய தொகுப்பில் இடமளிக்கலாகாது.

2023க்குப் பின்

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1200 பேர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து காசாவின் மீது இஸ்ரேல் நடத்திய போரில், காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி 2025 அக்டோபர்ப் போர்நிறுத்தத்துக்குள் 67,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினரான நவநீதம் பிள்ளை தலைமையிலான ஐ.நா. விசாரணை ஆணையம், 2025 செப்டம்பரில் அங்கு நிகழ்வது இனப்படுகொலை என்று முடிவுரைத்தது. 2023 அக்டோபரிலேயே தில்லியில் இஸ்ரேலியத் தூதரகத்தை நோக்கிச் சென்ற மாணவர்களைக் காவல்துறை பிடித்துவைத்தது. சென்னையில் 2025 செப்டம்பர் 19 அன்று பெரியாரிய அமைப்புகள் நடத்திய கண்டனப் பேரணியில் சத்யராஜ், பிரகாஷ் ராஜ், வெற்றிமாறன் முதலிய திரைக்கலைஞர்கள் பங்கேற்றனர்.

இசையுலகின் எதிர்வினை இக்காலத்தில் விரிவடைந்தது. மத்தியக் கிழக்கையும் வட ஆப்பிரிக்காவையும் சேர்ந்த 25 கலைஞர்கள் 2023 இலையுதிர்காலத்தில் ராஜியீன் என்ற கூட்டுப் பாடலை வெளியிட்டனர். இசைக்கலைஞர் பிரையன் ஈனோ முதலியோரின் முயற்சியால் 2025 செப்டம்பரில் லண்டன் வெம்பிளி அரங்கில் பாலஸ்தீனத்துக்கான பெரும் இசைநிகழ்ச்சி நடந்தது. அதே மாதத்தில் மாசிவ் அட்டாக் இசைக்குழு உட்பட 400க்கும் மேற்பட்ட கலைஞர்களும் வெளியீட்டகங்களும் தங்கள் பாடல்கள் இஸ்ரேலில் இணையவழி ஒலிக்காதவாறு தடுக்கும் கூட்டியக்கத்தை அறிவித்தனர். மேடையை மறுப்பதாக இருந்த புறக்கணிப்பு, ஒலிப்பதிவையே மறுப்பதாக வளர்ந்த நிலை இது.

தில்லியில் தெருவிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் பாலஸ்தீனத்துக்காக இந்தியிலும் உருதுவிலும் பஞ்சாபியிலும் பாடப்படும் பாடல்கள் பெரும்பாலும் அந்தந்த நிகழ்ச்சியோடு முடிந்துவிடுகின்றன. அவற்றைப் பாடியவரின் பெயரோடும் நாளோடும் இடத்தோடும் பதிவுசெய்து, பாலஸ்தீனக் கலைஞர்களின் பதிவுகளோடு ஒரே தொகுப்பாக வெளியிடும் பொறுப்பை இசைக்கலைஞர்களும் நூலகங்களும் பல்கலைக்கழக இசைத்துறைகளும் தாமதமின்றி ஏற்கவேண்டும்.